பழைய நீச்சல் அணி மறுபடி கடலில் இறங்க: தனிப் பந்தயமா, ரிலேயா?

கல்லூரியில் ஒன்றாக ரிலே நீந்தியவர்கள் இருபது வருஷம் கழித்து வாட்ஸ்அப்பில் சேர்ந்தால், இரண்டாம் நாளே பேச்சு ‘பாக் நீரிணையைக் கடந்துவிடலாமா’ என்பதில் வந்து நிற்கும். ஆசையில் தப்பில்லை. ஆனால் தூரத்தை முதலில் முடிவு செய்த குழுக்களில், மூன்றாம் மாதம் பாதிப் பேர் பதில் போடுவதை நிறுத்திவிடுவார்கள். ஒருவருக்குத் தோள்வலி, ஒருவருக்கு லீவு கிடைக்கவில்லை, இன்னொருவர் தோஹாவில் இருக்கிறார், அங்கே அவருக்குக் குளமே சிக்கவில்லை.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கடைசி வாரத்தில் ஒருவர் வர முடியாமல் போனால், மற்றவர்களின் பந்தயம் என்ன ஆகும்? இதற்குத் திறந்தநீர்ப் பந்தயங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கின்றன. எல்லோரும் ஒரே கரையில் இறங்கி அவரவர் நீந்தி முடிக்கும் பந்தயத்தில் ஒன்றும் ஆகாது. நினைத்தபோது ஆள் மாற்றிக்கொள்ளும் ரிலேயில் சுமை கூடும், ஆனாலும் சமாளிக்கலாம். வரிசை மாறாமல் மணிக்கு ஒருவர் நீந்தும் ஆங்கிலக் கால்வாய் மாதிரியான ரிலேயில் மொத்தமும் ரத்து. எது உங்களுக்கு என்பதை இந்த இடத்திலிருந்து பார்ப்பதே நல்லது.

முதலில் ஒரு கணக்கு

எதைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தாலும் எல்லோரும் ஒரே சோதனையைச் செய்து எண்களைக் குழுவில் போட வேண்டும். நன்றாக உடம்பைச் சூடேற்றிக்கொண்டு 400 மீட்டர் முழு முயற்சியில் நீந்துங்கள். பத்து நிமிஷம் மெதுவாக நீந்தி ஓய்வெடுத்துவிட்டு 200 மீட்டர். 400-க்கான நேரத்திலிருந்து 200-க்கான நேரத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால், நீண்ட தூரத்துக்கு உங்களால் தாங்கக்கூடிய 100 மீட்டர் வேகம் கிடைக்கும். 400 மீட்டர் 7 நிமிஷம் 40 விநாடி, 200 மீட்டர் 3 நிமிஷம் 36 விநாடி என்றால் வித்தியாசம் 244 விநாடி. பாதி 122, அதாவது நூறு மீட்டருக்கு 2:02. இரண்டு கிலோமீட்டர் இந்த வேகத்தில் சுமார் 41 நிமிஷம். கடலில் பத்து சதவீதம் கூட்டி 45 என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கு பழைய ஐம்பது மீட்டர் வீரர்களைத்தான் அதிகம் கடிக்கும். 200 மீட்டரை இன்னும் நன்றாகவே நீந்துவார்கள், 400-ல் கடைசி நூறு சரிந்துவிடும். சரியும் அளவு அப்படியே எண்ணில் தெரிந்துவிடுவதால், ‘நான்தானே அன்றைக்கு ஆங்கர், ரிலேயில் கடைசி ஆள்’ என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

நாற்பதைத் தாண்டியவர்கள் கடலில் இறங்கும் முன் ரத்த அழுத்தம், ஈசிஜி, டிரெட்மில் சோதனை மூன்றையும் முடித்துவிட வேண்டும். சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. நீந்தும்போது நுரையீரலில் நீர் கோக்கும் ஒரு கோளாறு உண்டு. ரத்த அழுத்தம் கூடுதலாக இருப்பவர்களிடமும், குளிர்ந்த நீரிலும், இறுக்கமான வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) போட்டவர்களிடமும் அதிகம் வரும். முயற்சிக்குப் பொருந்தாத மூச்சுத்திணறல், விடாத இருமல், இளஞ்சிவப்பு நுரை கலந்த சளி இவைதான் அடையாளம். தண்ணீர் விழுங்கிவிட்டோம் என்று நினைத்துத் தொடர்ந்து நீந்துவதுதான் ஆபத்து. உடனே மேலே ஏறி மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒரே கரை, ஒரே விசில்

பிரிந்து பல வருஷம் ஆன அணிக்கு முதல் வருஷம் இதுவே சரி என்பது எங்கள் முடிவு. தூரம் ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர். இந்தியாவில் மகாராஷ்டிரத்தின் மால்வண் சிவ்லா கடற்கரையிலும் குஜராத்தின் போர்பந்தரிலும் குளிர்காலத்தில் கடல் நீச்சல் போட்டிகள் நடக்கின்றன. வயதுப் பிரிவும் பல தூரங்களும் உண்டு. வெளிநாட்டில் கூடுவதானால் தென்னாப்பிரிக்காவின் மிட்மார் மைல் நல்ல இடம். குவாசுலு-நட்டாலில் ஹோவிக் ஊருக்குப் பக்கத்தில் உள்ள மிட்மார் அணையில் 1974 முதல் பிப்ரவரியில் நடக்கிறது. ஒரு மைல்தான். 2009-ல் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நீந்தி முடித்தார்கள். டர்பன் தமிழ்க் குடும்பங்களில் உறவுக்காரர் யாராவது இருந்தால் தங்கும் கவலையும் இல்லை.

வாரம் மூன்று தடவை, பன்னிரண்டு வாரம் பயிற்சி எடுத்தால் குளத்தை விட்டு விலகி வருஷக்கணக்கானவரும் இரண்டு கிலோமீட்டருக்குத் தயாராகிவிடுவார். அளவுகோல் எளிது. பந்தயத் தூரத்தில் முக்கால் பங்கைக் குளத்தில் நிற்காமல் நீந்த வேண்டும். இதில் ஒரு ஏமாற்று வேலை நடக்கிறது. 25 மீட்டர் குளத்தில் ஒவ்வொரு முறை சுவரை உதைக்கும்போதும் ஐந்து மீட்டர் வரை இலவசமாகக் கிடைக்கிறது, கைக்கும் ஓய்வு. கடலில் சுவர் கிடையாது. அதனால் வாரத்தில் ஒரு நாளாவது சுவருக்கு இரண்டு மீட்டர் முன்பே, தொடாமல், திரும்பிப் பழக வேண்டும். தோள் அன்றைக்குத்தான் உண்மையைச் சொல்லும்.

அடுத்தது திசை. கடலுக்கு அடியில் கறுப்புக் கோடு இல்லை. ஆறிலிருந்து பத்து கைவீச்சுக்கு ஒரு முறை கண் மட்டும் நீருக்கு மேலே வருமாறு தலையைத் தூக்கி மிதவையைப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் மூச்சை எடுக்க வேண்டும். முழு முகத்தையும் தூக்கினால் கால் தாழ்ந்து வேகம் செத்துவிடும். கழுத்தும் மறுநாள் பிடித்துக்கொள்ளும். மிதவை அலையில் மறையும் என்பதால் அதற்குப் பின்னால் கரையில் உயரமாக இருக்கும் ஒன்றை, தண்ணீர்த் தொட்டியோ கலங்கரை விளக்கமோ, முன்னாலேயே குறித்துக்கொள்வது நல்லது.

இந்த வகையின் பெரிய குறை, விசில் அடித்த இரண்டாம் நிமிஷமே அணி சிதறிவிடுவது. ஆண், பெண், வயது எனப் பிரிவுகள் தனித்தனி நேரத்தில் கிளம்பினால் சேர்ந்து இறங்குவதுகூட நடக்காது. பதிவு செய்யும்போதே பிரிவு நேரங்களைப் பார்த்துவிடுங்கள். ஒரே பிரிவில் இறங்க முடிந்தால் வேகம் ஒத்துப்போகும் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, ஒருவர் கால் கிளப்பும் நீர்க்குமிழிக்குப் பின்னாலோ இடுப்புக்குப் பக்கத்திலோ மற்றவர் ஒட்டி நீந்தலாம். பின்னால் வருபவருக்கு உழைப்பு நன்றாகக் குறையும். பாதித் தூரத்தில் இடம் மாற்றிக்கொண்டால் இருவருக்கும் லாபம்.

போட்டியும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி: முந்தின இரவு ஆளுக்கொரு நேரத்தை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் கையில் கடிகாரம் கட்டக்கூடாது. எழுதியதற்கு மிக அருகில் வந்தவர் ஜெயித்தார். 32 நிமிஷக்காரரும் 58 நிமிஷக்காரரும் சமமாக மோத இதைவிட நியாயமான ஏற்பாடு இல்லை. தோற்பவர்கள் பிரியாணி வாங்க வேண்டும் என்றால் தினப்பயிற்சியும் ஒழுங்காக நடக்கும்.

இஸ்தான்புல்லின் பாஸ்பரஸ் பந்தயமும் இந்த வகைதான். ஆசியக் கரையின் கான்லிஜாவில் தொடங்கி ஐரோப்பியக் கரையின் குருச்செஷ்மேயில் முடியும் 6.5 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கருங்கடலிலிருந்து மர்மரா கடல் நோக்கி ஓடும் மேல்நீரோட்டம் தள்ளிக்கொண்டு போகும். பயப்பட வேண்டியது முடிவிடத்தில். நடுவில் ஓடும் நீரோட்டத்தை விட்டுச் சீக்கிரமே கரைப்பக்கம் ஒதுங்கினால் எதிரோட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். தாமதமாக ஒதுங்கினால் முடிவிடத்தைத் தாண்டி அடித்துக்கொண்டு போய்விடும். திரும்பி நீந்தி வருவது நல்ல நீச்சல்காரர்களுக்கே முடியாத காரியம். வெளிநாட்டவருக்கான இடங்கள் பதிவு திறந்ததுமே தீர்ந்துவிடுவதால் எல்லோருக்கும் கிடைக்கும் என்று நம்பி முன்கூட்டியே டிக்கெட் போடக்கூடாது.

ஆற்றுப் பந்தயம்

வங்காளத்தின் முர்ஷிதாபாதில் பாகீரதி ஆற்றில் நடக்கும் பந்தயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். அஹிரண் படித்துறையிலிருந்து பஹரம்பூரின் கோராபஜார் வரை 81 கிலோமீட்டர், ஜியாகஞ்சிலிருந்து கோராபஜார் வரை 19 கிலோமீட்டர். மழைக்கால வெள்ளம் கூடவே தள்ளும். 81 என்பது பழைய நண்பர்கள் கூடுவதற்கான தூரம் அல்ல. 19 கிலோமீட்டருக்கு அணியில் விடாமல் நீந்தி வந்த ஓரிருவர் இறங்கி மற்றவர்கள் படகில் துணைக்குப் போகலாம். எல்லோரும் நீந்த வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் இதை விட்டுவிடுங்கள்.

ஆள் மாற்றிக்கொள்ளும் ரிலே

மேற்கு ஆஸ்திரேலியாவில் காட்டஸ்லோ கடற்கரையிலிருந்து ராட்நெஸ்ட் தீவு வரை 19.7 கிலோமீட்டர். பிப்ரவரியில் நடக்கிறது. தனியாக, இருவராக, நால்வர் அணியாக நீந்தலாம். நால்வர் அணியில் எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை மாறுவது என்பது அணியின் இஷ்டம். இதுதான் மறுபடி கூடும் அணிக்கு இதை ஏற்றதாக்குகிறது. சோர்ந்தவருக்குச் சின்ன முறை, பலமானவருக்கு நீண்ட முறை. ஒருவர் வாந்தியில் படுத்துவிட்டாலும் மூவர் தோளில் தீவு வந்துவிடும்.

வழக்கமான திட்டம் இப்படி இருக்கும். ஒவ்வொரு அணியிலும் முதலாமவர் கூட்டத்தோடு கரையிலிருந்து நீந்தி வெளியே வந்து தன் படகைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதால், அந்த வேலையைக் கூட்டத்துக்குப் பதறாதவரிடம் கொடுங்கள், வேகமானவரிடம் அல்ல. நூற்றுக்கணக்கான படகுகளில் உங்களுடையது எது என்று தண்ணீர் மட்டத்திலிருந்து தெரியாது. உயரமான கம்பில் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் துணி கட்ட வேண்டும். பிறகு முதல் சுற்று ஆளுக்கு இருபது நிமிஷம், அடுத்தது பத்து, கடைசி ஐந்து கிலோமீட்டரில் ஐந்து நிமிஷம். குறுகிய முறைகளில் எல்லோரும் புதுத் தோளோடு வேகமாக நீந்தலாம். ஆனால் ஐந்துக்குக் கீழே போனால் படகில் ஏறி இறங்கும் களைப்பே நீச்சலைத் தின்றுவிடும்.

இந்த ஏறுவதை யாரும் ஒத்திகை பார்ப்பதில்லை. படகு அலையில் ஏறி இறங்கும்போது கை வழுக்கும். முழங்கால் ஏணியின் கம்பியில் இடிக்கும். தண்ணீருக்குள் குறைந்தது இரண்டு படி மூழ்கியிருக்கும் ஏணி வேண்டும். எஞ்சின் நியூட்ரலில் இருக்கிறது என்று படகோட்டி கை தூக்கிக் காட்டிய பிறகுதான் நீச்சல்காரர் பின்பக்கத்தை நெருங்க வேண்டும். இதில் மட்டும் சமரசம் கிடையாது.

பெர்த் பக்கம் மத்தியானம் வீசும் தென்மேற்குக் கடற்காற்றுக்கு ‘ஃப்ரீமேன்டில் டாக்டர்’ என்று பெயர். தீவு மேற்கே இருப்பதால் காற்று முன்பக்கத்திலிருந்து சாய்வாக வரும். காலை பத்து மணிக்குள் பாதிக்கு மேல் போகாத அணிக்கு மீதித் தூரம் இரண்டு மடங்காகத் தெரியும். செலவில் பெரிய பங்கு படகுக்கு. படகும் படகோட்டியும் உறுதியாகும் முன் விமான டிக்கெட் போட வேண்டாம்.

நம் கரையிலேயே இந்த மாதிரி ஒன்றைச் சொந்தமாக நடத்தவும் முடியும். தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை, விடியலில், கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். உள்ளூர் மீனவர் படகு ஒன்று, கயாக் ஒன்று, கடலோரக் காவல் குழுமத்துக்கும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் முன்கூட்டியே எழுத்தில் தகவல், பளிச்சென்ற தொப்பி, இடுப்பில் இழுத்துக்கொண்டு போகும் மிதவை. இவ்வளவு இருந்தால் பத்து கிலோமீட்டரை நால்வர் மாறி மாறி நீந்தலாம். கரைக்கு இணையாக எந்தப் பக்கம் நீந்துவது என்பதை அன்றைய நீவாடு, அதாவது நீரோட்டம், பார்த்து மீனவரே சொல்வார். தென்மேற்குப் பருவத்தில் ஓட்டம் வடக்கே, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. இடைக்காலத்தில் நாளுக்கு நாள் மாறும்.

வரிசை மாறாத கால்வாய் ரிலே

ஆங்கிலக் கால்வாய் ரிலேயில் வழக்கமாக ஆறு பேர். ஒவ்வொருவரும் சரியாக ஒரு மணி நேரம். தொடக்கத்தில் சொன்ன வரிசை கடைசி வரை மாறக்கூடாது. புதியவர், நீந்திக்கொண்டிருப்பவருக்குப் பின்னால் குதித்து அவரைத் தாண்டிப் போக வேண்டும். வெட்சூட் கிடையாது. சாதாரண நீச்சலுடை, ஒரு தொப்பி, கண்ணாடி, உடம்பில் தடவும் கிரீஸ் அவ்வளவுதான். ஒருவர் தன் முறையில் இறங்க முடியாவிட்டால் ரிலே அங்கேயே முடிந்தது.

கடக்க 14 மணி நேரம் ஆனால் முதல் இருவருக்கு மூன்று முறை, மற்ற நால்வருக்கு இரண்டு முறை வரும். அதனால் மூன்று முறை தாங்கக்கூடியவர்களை முதலிரண்டு இடத்தில் வைப்பார்கள். இருட்டைக் கண்டு பயப்படுபவருக்கு இரவு முறை வராதபடியும் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். ஆனால் கிளம்பும் நேரத்தைக் கடல்மட்ட ஏற்ற இறக்கமும் துணைப் படகை ஓட்டும் பைலட்டும் முடிவு செய்வதால் அந்தக் கணக்கு பெரும்பாலும் கிளம்பும் இரவில் கலைந்துவிடும். எல்லோரும் இருட்டில் நீந்திப் பழகியிருப்பதே வழி.

குளிர்தான் நம்மவர்களுக்கு உண்மையான தடை. பருவத்தில் அங்கே நீர் 15 முதல் 18 டிகிரி. ரிலே ஆட்கள் 16 டிகிரி சுமார் உள்ள நீரில் இரண்டு மணி நேரம் நீந்திக் காட்ட வேண்டும். சென்னைக் கடல் 28 டிகிரியைச் சுற்றியே இருக்கும். வீட்டில் ஐஸ் போட்ட டிரம்மில் உட்காருவது முதல் நிமிஷ அதிர்ச்சியைப் பழக்கும், இரண்டு மணி நேரத்தைப் பழக்காது. மூன்று வாரம் முன்பே கால்வாயின் இங்கிலாந்துக் கரையில் உள்ள டோவர் போய்த் தங்க முடிகிறவர்களுக்கே இது பொருந்தும். ஆறு பேருக்கும் ஒன்றாக அப்படி லீவு கிடைக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். பைலட் படகும் வருஷக்கணக்கில் முன்பதிவு.

பாக் நீரிணையில் குளிர் இல்லை. 1954-ல் யாழ்ப்பாணக் கரையிலிருந்து நவரத்தினசாமி கடந்தார். 1966-ல் மிஹிர் சென், 1971-ல் இரு திசையிலும் வல்வெட்டித்துறை ஆனந்தன், 1994-ல் பன்னிரண்டு வயதுக் குற்றாலீசுவரன். இவர்களுக்குப் பிறகு இந்த நீரிணைக்குத் தமிழர் மனத்தில் ஒரு தனி இடம் வந்துவிட்டது. இப்போது பெரும்பாலும் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை, ஏறக்குறைய 30 கிலோமீட்டர், ரிலேயாகவும் நீந்துகிறார்கள். ராமேசுவரத்திலிருந்து படகில் போய் இரவிலோ விடியலுக்கு முன்போ இறங்குவது வழக்கம். வெயில் ஏறுவதற்குள் முடிந்த தூரம் லாபம்.

இங்கே தடை காகிதம். சர்வதேசக் கடல் எல்லையைத் தாண்டுவதால் இரு நாட்டு அரசுகளின் அனுமதியும் இந்தியக் கடற்படை, கடலோரக் காவல்படை, இலங்கைக் கடற்படை ஆகியவற்றின் ஒப்புதலும் வேண்டும். நீந்துபவர் பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, படகுப் பதிவு, படகில் வரும் ஒவ்வொரு மீனவரின் விவரம் எல்லாம் போக வேண்டும். பல மாத வேலை. பழைய அணியில் ஒருவர் கனடா, இன்னொருவர் சிங்கப்பூர்க் குடியுரிமை என்றால் கோப்பு இன்னும் தடிக்கும். கடைசி நேரத்தில் ஆள் மாற்றவும் முடியாது, பெயர் பட்டியலில் இருப்பவர்தான் போகலாம். கூடியிருக்கும் ஆறு பேரும் இந்தியப் பாஸ்போர்ட், ஒரே ஊர் என்றால் மட்டும் இதை இரண்டாவது வருஷத் திட்டமாக எடுக்கலாம்.

நீரில் இன்னொரு தொல்லை, ராமேசுவரம் பக்கம் சொறி என்று சொல்லும் இழுதுமீன். கொட்டின இடத்தைத் தேய்க்கக்கூடாது. ஒட்டியிருக்கும் இழைகளைக் கையுறை போட்டு எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய வெந்நீரில், 45 டிகிரி சுமார், இருபது நிமிஷம் வைத்தால் வலி இறங்கும். பெரிய ஃப்ளாஸ்க் இரண்டில் வெந்நீர் படகில் இருக்கட்டும். மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்தால் நீச்சலை நிறுத்திவிட்டுக் கரைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

படகில் இருக்கும் நேரம்

ஆறு பேர் ரிலேயில் ஒரு மணி நீச்சலுக்கு ஐந்து மணி படகு. பயிற்சியை எல்லோரும் அந்த ஒரு மணிக்கே எடுக்கிறார்கள். கால்வாய் ரிலேக்கள் கெடுவது மற்ற ஐந்தில். நின்று ஆடும் சின்னப் படகில் டீசல் புகையும் மீன் வாடையும் சேர்ந்தால் கடலில் வளர்ந்தவருக்கே குமட்டும். அவோமின் போன்ற மாத்திரை போடுவதானால் மருத்துவரைக் கேட்டு, வீட்டில் ஒரு நாள் போட்டுப் பார்த்துவிடுங்கள். சிலருக்கு அதில் தூக்கம் அள்ளும். அந்தத் தூக்கத்தோடு நடுக்கடலில் இறங்கக்கூடாது. பின்பக்கம், புகைக்கு நேரே உட்கார வேண்டாம். போனைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், இட்லி, வாழைப்பழம், உப்பு பிஸ்கட், இஞ்சி மிட்டாய் போதும். நீந்தி ஏறியதும் ஈர உடையைக் கழற்றி, துடைத்து, காற்றுப் புகாத சட்டை. வெதுவெதுப்பான கடல் என்றாலும் இரவுக் காற்றில் ஈர உடம்பு நடுங்கும்.

கழுத்து, அக்குள், தோள்பட்டைப் பட்டி உரசும் இடங்களில் வாசலின் தடவாமல் உப்புநீரில் ஒரு மணி நேரம் போனால் தோல் உரியும். தடவுபவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கையோடு கண்ணாடியைத் தொட்டால் அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரியாது.

பணமும் தேதியும்

பந்தயத்தைவிடத் தேதியை முதலில் உறுதி செய்யும் குழுவே கரை சேர்கிறது. இரண்டு தேதிகளை வைத்து ஓட்டெடுப்பு, ஒரு வாரத்தில் முடிவு. நான்கு பேருக்குக் குறைவாக உறுதி வந்தால் ரிலேயை விட்டுவிட்டு இரண்டு கிலோமீட்டர் பந்தயத்துக்குப் பதிவு செய்துவிடுங்கள். ஆறு பேர் உறுதி என்றாலும் ஆளுக்கு 400 மீட்டர் எண் வராதவரை படகுக்கு முன்பணம் கட்ட வேண்டாம். எண்ணைப் போடாமல் இழுத்தடிப்பவர் பயிற்சிக்கும் வரமாட்டார்.

படகுச் செலவை ஆறாகப் பிரித்து முழுப் பணமும் முன்பே ஒருவர் கணக்கில் சேர வேண்டும். பின்வாங்கினால் எந்தத் தேதி வரை பணம் திரும்பும், அதற்குப் பிறகு படகுப் பங்கு திரும்பாது என்பதைக் குழுவில் எழுதிப் போட்டு எல்லோரும் ‘சரி’ என்று பதில் போட வேண்டும். சிநேகிதர்களுக்குள் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர் ஒருவர் எப்போதும் இருப்பார். கணக்கை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.